கடைசி அத்தியாயத்துக்கு ஒரு லப்பர் பேண்டு

ஞாயித்துக்கெழம ஆனா சியாமளா மேடம் மொதல்ல ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணும். அது உறுமுற சத்தம் வீடியோல வுழக் கூடாதாம். அப்பறம் ஃபேனு. அப்பறம் என்னிய ஒரு மொறை மொறைக்கும். நான் மூச்சு வுடறதும் கேக்குதாம்.

நான் முத்துசாமி. கேளம்பாக்கத்துல மேடம் கீற பிளாட்டுங்களுக்கெல்லாம் நாந்தான் பிளம்பரு. கொழா ஒழுவுதுன்னு போனவன், இப்ப கேமராமேன் ஆயிட்டேன். செல்லப் புடிச்சிகினு நிக்கணும், அவ்ளோதான் வேல. முடிச்சப்பறம் ஃபிரிட்ஜ திரும்பப் போட மேடத்துக்கு மறந்துடும். தனியா கீற பொம்பள, ஞாபகப்படுத்த யாரு கீறா? தயிரு புளிச்சிடும். திங்கக்கெழம எங்க வூட்லயும் அவுங்க மோர்க்கொழம்புதான்.

"வணக்கம். இன்னிக்கு எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு நாவலப் பத்திப் பேசப் போறேன்"னு ஆரம்பிக்கும். இன்னா இன்னிக்கு? எல்லா வாரமும் அதே பொஸ்தகந்தான், 'மஞ்சள் சைக்கிள் கூட்டணி'. பத்தாவது படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பேத்துக்கும் பொதுவா ஒரே சைக்கிளு. ஒருத்தி மிதிப்பா, ஒருத்தி பின்னாடி குந்திகினு வழி சொல்லுவா. ஒரு வாரம் மிதிக்கிறவளப் பத்தி பேசும், ஒரு வாரம் குந்திகினு வர்றவளப் பத்தி. ஒரு வாரம் முழுக்க சைக்கிள் பெல்லப் பத்தியே பேசுச்சி, சத்தியமா. கடைசி அத்தியாயத்தப் பத்தி மட்டும் மூச்சு வுடாது. அந்தப் பக்கத்தையெல்லாம் சேத்து லப்பர் பேண்டு போட்டு வெச்சிகீது.

நெட்டுல போட்டா, பாக்குறவங்க பத்து பேரு இருந்தா ஜாஸ்தி. அதுல ஒண்ணு நானு, ஒண்ணு வாட்ச்மேன் ஸ்டான்லி.

"யாருக்கோசரம் மேடம் இந்தப் பாடு?"ன்னு கேட்டேன். என்னாண்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு அதுக்குத் தெரியும். அப்பவும் சொல்லுச்சி.

"ஜெஸ்ஸிக்கு."

சின்ன வயசுல கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வூட்டுப் பொண்ணாம். ரெண்டு அப்பாவும் ஒரே ஆபீஸு. இந்தப் பொஸ்தகத்த மாத்தி மாத்திப் படிச்சிகினு வந்துகீறாங்க. ஜெஸ்ஸி முந்திகினு முடிச்சிட்டு, "கடைசில சைக்கிள் கடல்ல போயிடும்டி"ன்னு சொல்லிட்டா. மேடத்துக்கு வந்துச்சே கோவம்! கா வுட்டுட்ச்சி. கடைசி அத்தியாயத்த அன்னிலேந்து தொடல. அந்த லீவுலயே ஜெஸ்ஸி அப்பாக்கு டிரான்ஸ்பரு. ரெண்டு வெரல நீட்டி பழம் வுடறதுக்கு ஆளு இல்ல.

"கல்யாணம் ஆகி பேரு மாறியிருக்கும், தேடித் தேடி கெடைக்கல. என்னை அவ தேட மாட்டா, முத்துசாமி. இந்த புக்கத் தேடுவா"ன்னுச்சி.

கீழ வந்து ஸ்டான்லியாண்ட சொன்னேன். "அம்பது வயசுல காயி, பழமா? இது இன்னாவோ லவ்வு மேட்டரு அண்ணாத்த"ன்னான். அது கேக்க நல்லா இருந்துச்சா, நாலு வூட்ல நானும் அப்பிடியே சொல்லி வெச்சேன்.

போன ஞாயித்துக்கெழம செல்லத் தொடச்சிகினு இருந்தப்ப ஒரு கமெண்டு கண்ணுல பட்டுச்சி. படம் இல்ல, பேரு எடத்துல வெறும் நம்பரு. "கடைசில சைக்கிள் கடல்ல போயிடும்."

"மேடம், நீங்க சொன்ன கிளைமாக்ஸ எவனோ போட்டு ஒடச்சிட்டான்."

மேடம் செல்ல வாங்கிப் பாத்துச்சி. அப்பறம் பொஸ்தகத்த எடுத்து என் கைல திணிச்சிச்சி. "கடைசிப் பக்கத்தப் படிங்க. என்னால முடியல."

நான் ஆறாவது ஃபெயிலு. லப்பர் பேண்ட தொட்டதும் பிசுக்குன்னு அறுந்துட்ச்சி. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு பொண்ணுங்களும் பஞ்சர் ஒட்டறாங்க. சைக்கிள் வாசல்ல நிக்கிது. முற்றும்.

"இன்னா மேடம், இதுல கடலே வர்லியே?"

"வரலயா?" சோபால அப்பிடியே குந்திட்ச்சி. "அப்ப என்னை வெறுப்பேத்த சும்மா சொல்லியிருக்கா. திருடி!" சிரிக்க ஆரம்பிச்சிது, பாதில சிரிப்பு வேற மாதிரி போயிட்ச்சி. "இது என்கிட்ட மட்டும் சொன்ன பொய், முத்துசாமி. அவளத் தவிர வேற யாரும் எழுத முடியாது."

நான் நாலு வூட்ல சொன்னதுல கடலும் இருந்துச்சான்னு யோசிச்சேன். "ஜெஸ்ஸியா?"ன்னு மேடம் அந்தக் கமெண்டுக்குப் பதில் போட்டுச்சி. உக்காந்து பாத்துகினே இருந்தோம். அந்த நம்பர்லேந்து ஒண்ணும் வர்ல.

"வீடியோ எடுங்க"ன்னுச்சி. ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணல. வணக்கம் சொல்லல. ஆள்காட்டி வெரலையும் நடு வெரலையும் சேத்து கேமராவாண்ட நீட்டிச்சி. ஃபிரிட்ஜ் பாட்டுக்கு உறுமிகினு கீது. எனுக்குக் கை கடுக்க ஆரம்பிச்சிட்ச்சி.

"ஆச்சு மேடம், கைய எறக்குங்க."

எறக்கல.