கீழே வைத்த கத்தி

"கீழ வைங்க டீச்சர். கையில குடுக்காதீங்க."

யாரிடமாவது ஒரு கத்தியைக் கேட்டு வாங்கும்போதெல்லாம் என் அண்ணி இப்படிச் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வந்து உறவு அறுந்துவிடும் என்பார்கள். கொடுப்பவர் தரையிலோ பலகையிலோ வைக்க வேண்டும், கைப்பிடி மற்றவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதற்கெல்லாம் காரணம் கேட்டு வீட்டில் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இன்றைக்கு வரை என் அம்மாவின் கையில் நான் கத்தியைக் கொடுத்ததில்லை. படிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

எங்கள் வீட்டில் வெகுகாலம் ஒரே ஒரு கத்திதான் இருந்தது. அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, வளைவை வெட்டிக் குறுக்கி, கொய்யாக் கட்டையில் பிடி போட்டு, தன் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்பு சமையலுக்கென்று கொண்டுவந்தார். பலாக்காய், லீக்ஸ், மாசிக் கருவாடு, தீபாவளிக் கோழி எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மாவுக்கும் எனக்கும் அது கனம். டயகமப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த அண்ணிக்கோ அது முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அடுப்படிக்குப் போய், முட்டைக்கோஸை அவர் சீவுகிற சத்தத்திலேயே எனக்குப் பசி எடுக்கும்.

கல்யாணமாகி நான்காம் வருஷம், மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது குளவி கலைந்து கொட்டியதில் அண்ணன் இறந்துபோனார். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது. பிள்ளை இல்லை. காரியம் முடிந்ததும் அண்ணியின் வீட்டார் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். அண்ணி போகவில்லை. "அத்தைக்கு யாரு இருக்கா?" என்று ஒரே வார்த்தையில் அவர்களை அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது நான் பக்கத்திலேயேதான் நின்றேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மை அதுதான். நான் அப்போது ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளி. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், ராத்திரியில் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் அண்ணிதான்.

பிறகு அண்ணி மலை வேலையை விட்டுவிட்டு நுவரெலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மரக்கறி வெட்டப் போனவர், ஒரு வருஷத்துக்குள் கறி சமைக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அந்தக் கடைக்கு மரக்கறி இறக்க வருகிற லொறிக்காரர் ஒருவர். அட்டன் பக்கம், வேதக்காரர், ஞாயிறுதோறும் கோயில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவர், மனைவியை இழந்தவர். அவர் அண்ணியிடம் எதுவும் பேசவில்லை. நேராக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவிடம் கேட்டார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருஷன் போன வீட்டில் மருமகளாக இருந்தவள் இன்னொருத்தனோடு போனால் அதோடு அறுந்தது உறவு, இனி அவள் யாரோ நீங்கள் யாரோ என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசினார்கள். அம்மா இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீ சின்ன வயசுக்காரி. போ. ஆனா என் வீட்டுல இருந்து வெறுங்கையோட போகக் கூடாது" என்றார். அண்ணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

என்ன கொடுப்பது? சேலை வேண்டாம் என்றார். பாத்திரம் அங்கே இருக்கிறது என்றார். அட்டனில் புது வீட்டின் முன்பக்கத்திலேயே ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை போடுவதாக அவர்களுக்கு யோசனை. அப்போது அம்மா, அண்ணன் செய்துகொடுத்த கத்தியை எடுத்துத் தரையில் வைத்து, "இதையாவது எடுத்துக்க. ஒனக்குத்தான் இது பழகின கத்தி" என்றார். அண்ணி அதைத் தொடவில்லை. "அது அவரோடது அத்தை. அது இந்த வீட்டுலதான் இருக்கணும்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. சமைத்துப் பிழைக்கப் போகிறவருக்கு நல்ல கத்திகளாக ஒரு செட் வாங்கிக் கொடுத்தால் என்ன? புது ஆசிரியை, கையில் முதல் சம்பளங்கள், என்னைப்போல் புத்திசாலி உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை இருவரும் நுவரெலியா போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள் நுழைந்ததுமே நான் தேர்ந்துவிட்டேன். மரக்கட்டையில் செருகி வரிசையாக நின்ற செட், கண்ணாடிபோல் மின்னுகிற கத்திகள், கூடவே ஒரு கத்தரிக்கோல். அண்ணி ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். "கல்யாணப் பந்தி மாதிரி வரிசையா நிக்குதே தவிர, வேலைக்கு வர்றது எது? இதுல ரெண்டத் தவிர மத்ததெல்லாம் சும்மாதான் நிக்கும் டீச்சர்" என்றார். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்று கேலியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே பேராகிவிட்டது.

அப்புறம் கடை முதலாளியிடம் சிங்களத்தில் தனித்தனிக் கத்திகள் காட்டச் சொன்னார். காட்டியதும், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று முதலாளி நினைத்து கிளாஸில் கொண்டுவந்தார். அண்ணி அதில் கையை நனைத்து, ஈரக்கையோடு ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று வழுக்கிய பிடிகளை அப்படியே திருப்பி வைத்தார். நம் ஊர்க் குளிரில் மரக்கறி கழுவுகிற கை எப்போதும் ஈரம், எப்போதும் விறைப்பு. அந்தக் கையில் நிற்காத கத்தி எதற்கு? பிறகு பிடிக்குள் இரும்பு கடைசி வரை போகிறதா என்று பார்த்தார். கத்தியைப் பலகையில் வைத்து வெட்டுவதுபோல் அழுத்தி, விரல் மூட்டு பலகையில் இடிக்கிறதா என்று பார்த்தார். முதலாளியே சுவாரசியமாகி உள்ளே இருந்து இன்னும் நாலைந்து எடுத்து வந்தார். எனக்குத்தான் கால் வலித்தது.

கடைசியில் அவர் எடுத்தது மூன்று. மரக்கறிக்கும் இறைச்சிக்கும் அகலமான பெரியது ஒன்று, தோல் சீவவும் கிழங்கு நோண்டவும் சின்னது ஒன்று, எலும்புக்கும் தேங்காய்க்கும் முதுகு தடித்த கனமான ஒன்று. நான் விடவில்லை. ரொட்டி அறுக்கிற, பல் வைத்த பாண் கத்தி ஒன்றையும் எடுத்தேன்.

"பாணுக்கெல்லாம் ஒரு கத்தியா? பாணப் பிச்சுத் திங்க நமக்குத் தெரியாதா?"

"கடையில வர்றவங்களுக்குப் பிச்சா குடுப்பீங்க?"

"சரி சரி. டீச்சர் சொன்னா கேட்டுக்கணும்" என்று சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் என்னென்ன கறி வைப்பார் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் என்னமோபோலவும் இருந்தது.

வீட்டில் பொதியைப் பிரித்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அடியே, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போற புள்ளைக்குக் கத்தியா வாங்கிக் குடுப்பாங்க? ஊரு சொல்றது பத்தாதுன்னு நீயும் வெட்டி விடுறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் கொடுத்தாலே ஆகாது என்கிற கத்தியைப் பரிசாகவே கொடுக்க, அதுவும் உறவு நிற்குமா அறுமா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் கொடுக்க, நான்தான் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். விஞ்ஞானம் அந்த நேரத்தில் எனக்கு உதவிக்கு வரவில்லை. வீம்புக்கு, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று கத்தினேன். அம்மா அடுப்படியை விட்டு எழுந்துபோனார்.

அண்ணி புறப்பட்ட காலையில் நான் பொதியை அவர் கையில் நீட்டினேன். அப்போதுதான் சொன்னார், கீழ வைங்க, கையில குடுக்காதீங்க என்று. நான் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அவர் குனிந்து எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக, "யாரும் எனக்குக் குடுக்கல அத்தை. கீழ கெடந்தத நானா எடுத்துக்கிட்டேன்" என்றார். அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அண்ணியின் தலையில் கை வைத்தார். வெளியே லொறி நின்றுகொண்டிருந்தது.

முதல் தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். அதன்பின் கடை பிடித்துக்கொண்டது, வரவில்லை. தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா, அத்தை மாத்திரை போட்டாங்களா" என்பதோடு பேச்சு நின்றது. அண்ணனின் திவசத்துக்கும் வரவில்லை. அன்றைக்கு அம்மா அந்தப் பழைய கத்தியால் வாழைக்காய் வெட்டிக்கொண்டே, "கத்தி அதோட வேலையக் காட்டிருச்சு" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மகனுக்குப் பின் மகளையும் இழந்தவர்போல் அவர் அதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் அட்டனில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மத்தியானத்தோடு முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அண்ணியின் கடைக்குப் போனேன். வாசலில் பார்சலுக்குக் கூட்டம். உள்ளே இரண்டு பெண்பிள்ளைகள் ஓடியோடி வேலை செய்தார்கள். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே பின்னால் கையை நீட்ட, ஒருத்தி கத்தியை அந்தக் கையில் வைத்தாள். வெட்டிவிட்டு அவர் அதை அடுத்தவள் கையில் கொடுத்தார். கைக்குக் கை, கைக்குக் கை. எல்லாம் நாங்கள் அன்றைக்கு வாங்கிய கத்திகள். பெரியதன் விளிம்பு தீட்டித் தீட்டிக் குறுகியிருந்தது. பாண் கத்தி தனியாக, கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கியது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை. ஆனால் அந்தக் கைக்குக் கையைப் பார்த்ததும் மனசுக்குள் ஏதோ விழுந்தது. பழைய வீட்டின் பழக்கத்தோடு பழைய வீட்டையும் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் "ஐயோ டீச்சர்!" என்று கரண்டியோடு ஓடிவந்தார். மெலிந்திருந்தார். நாற்காலியில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. லீக்ஸ் குவிந்து கிடந்தது, நான் வெட்டுகிறேன் என்றேன். அண்ணி பெரிய கத்தியைக் கழுவி, சீலைத் துணியில் துடைத்து, நான் நீட்டிய கையைப் பார்க்காததுபோல, பலகையின் மேல் வைத்தார். பிடியை என் பக்கம் திருப்பினார்.

"எடுத்துக்கங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அந்தப் புள்ளைங்களுக்குக் கையிலதானே குடுத்தீங்க?"

"அவங்களோட சண்ட வந்தா நாளைக்கு வேற ஆள் பாத்துக்கலாம். ஒங்களோட வந்தா நான் எங்க போறது?"

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைக் காட்டியபடியே, திவசத்துக்கு வரலாமா என்று கேட்கவே தனக்குப் பயமாக இருந்தது என்றார். இன்னொருத்தர் தாலியோடு அண்ணனின் படத்துக்கு முன்னால் வந்து நின்றால் அம்மா என்ன நினைப்பார், ஊர் அம்மாவை என்ன சொல்லும்? அத்தை ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும் என்று காத்திருந்தாராம். அங்கே அம்மா, அவளாக வரட்டும் என்று காத்திருந்தார். நடுவில் நான், பாவம் அந்தக் கத்தியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் அண்ணனின் கத்தியால் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தார். அண்ணி கொடுத்தனுப்பிய பார்சலை வைத்துவிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ வச்சா குடுத்தா?"

"ஆமாம்மா. பலகையில."

"பிடிய யாரு பக்கம் வச்சா?"

"என் பக்கம்."

அம்மா சீவுவதை நிறுத்தினார். கத்தியைத் தரையில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமை அட்டனுக்கு மொத பஸ் எத்தன மணிக்குப் புள்ள?" என்று கேட்டார்.