தலை பார்க்காத மீன்

தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் படகுத்துறையில் தபீதாளின் சாப்பாட்டுக் கொட்டகை இருக்கிறது. படகில் போகிறவர்கள் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மசாலா தடவிப் பொரித்தோ, புளி கரைத்துக் குழம்பு வைத்தோ அவர்களுக்கே சுடச்சுடப் பரிமாறுவாள். சித்தூர் மாதாகோயிலில் மணியடித்த வேதநாயகத்தின் மகளான அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை மீன் என்றால் கெண்டையும் கெளுத்தியும்தான். புருஷன் ஜோனத்தான் இங்கே சுற்றுலாப் படகு ஓட்ட வந்த பிறகுதான் உப்புத்தண்ணீர் மீனெல்லாம் பழக்கமாயிற்று.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தலையைப் பார்க்காத மீனைச் சட்டியில் போடமாட்டாள். "இன்னா தபீதா, மீனுக்கும் பொண்ணு பாக்குறியா?" என்று படகுக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் எல்லா மீனும் வெள்ளைதான். அதில் பேத்தை கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்? வயிற்றைப் பந்துபோல ஊதிக்கொள்ளும் அந்த மீனின் ஈரலிலும் முட்டையிலும் விஷம். தெரியாதவன் அறுத்தால் கறியெல்லாம் ஏறிவிடும். முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் கைகால், அப்புறம் மூச்சு.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்களில் அவள் மீனை வாயில் வைக்கமாட்டாள். ஊருக்கெல்லாம் பொரித்துப் போடுகிறவள் உப்புப் பார்க்காமல் முடியுமா? அந்த நாட்களில் அந்த வேலை ஜோனத்தானுக்கு.

லெந்தின் நடுவில் வந்த ஒரு சனிக்கிழமை, கொட்டகையில் நிற்க இடமில்லை. சித்தூரிலிருந்து சிநேகிதர்களோடு வந்திருந்த யஸ்வந்த் என்ற பையன் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே உரித்து அறுத்த வெள்ளைத் துண்டுகள்.

"தலை எங்க தம்பி?"

"போன்ல வீடியோ பாத்து நாங்களே கிளீன் பண்ணிட்டோம் ஆன்ட்டி. தலையைத் தூக்கிப் போட்டுட்டோம். கொடுவாதான், நம்புங்க."

நம்பினாள். நான்கு மேஜைக்காரர்கள் ஒரே நேரத்தில் கத்தினால் யார்தான் நம்பமாட்டார்கள்? பொரித்து எடுத்து முதல் துண்டை இலையில் வைத்து ஜோனத்தானிடம் நீட்டினாள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் படகில் ஏறிக் காத்திருந்தது. அவன் இலையோடு நடந்தான். "உப்பு சரியாக் கீது!" என்று படகிலிருந்து குரல் கொடுத்தான். எஞ்சின் சத்தம் ஏரிக்குள் போய்விட்டது.

மேஜைக்குத் தட்டுகளை அனுப்பிவிட்டு, மீன் கழிவைக் கொட்டத் துறைக்குப் போனாள். கற்களுக்கிடையில் ஒரு தலை கிடந்தது. கிளிமூக்கு மாதிரி பல். பக்கத்தில் முள் முள்ளாகத் தோல். பேத்தை! கழிவு என்றால் அடித்துக்கொள்ளும் காக்கைகள் அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தன.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். யஸ்வந்த் ஒரு துண்டைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அவன் கையில் ஓங்கி அடித்தாள். தட்டுகளையெல்லாம் இழுத்து மண்ணில் கவிழ்த்தாள்.

"துன்னீங்களா? யாருனா துன்னீங்களா?"

யாரும் தின்னவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பையன்கள் முகம் செத்துப்போயிற்று. தபீதாளுக்கு அப்போதுதான் ஜோனத்தானிடம் கொடுத்த அந்த இலை நினைவுக்கு வந்தது.

அவன் போன் கொட்டகையிலேயே சார்ஜில் கிடந்தது. மற்றப் படகுகளும் ஏரிக்குள்தான். பக்கத்தில் இறால் விற்கும் செல்வி ஓடிவந்தாள்.

"எவ்ளோ துன்னாரு?"

"ஒரு துண்டு."

தபீதாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினாள். இந்நேரம் உதடு மரத்திருக்குமா? எஞ்சினைப் பிடித்த கை நழுவுமா? நடுத்தண்ணீரில் படகு தானாகச் சுற்றுமா, அந்தக் குழந்தையோடு? பாவி, என் கையால் பொரித்துக் கொடுத்தேனே! ஜெபம் செய்யப் பார்த்தாள். 'கர்த்தாவே' என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். தூரத்தில் ஒவ்வொரு படகாகத் தெரிந்தது. எதுவும் அவனுடையதில்லை.

கடைசியில் நீலக்கொடி கட்டிய படகு திரும்பியது. ஓட்டுகிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருக்கிறானா, சாய்ந்திருக்கிறானா? படகு கரை தட்டுமுன்பே பாய்ந்து அவன் முகத்தைப் பிடித்தாள். உதட்டைக் கிள்ளினாள்.

"ஆ! இன்னாடி பண்ற, ஜனங்க பாக்குறாங்க!"

"அது பேத்தைங்க! நீங்க துன்னது பேத்தை! ஆஸ்பத்திரிக்கு வாங்க, வண்டி சொல்லிட்டேன்!"

ஜோனத்தான் அவளையே பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"நான் துன்னல தபீதா."

"இலையோட எடுத்துக்கினு போனீங்களே?"

"தண்ணியில போட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "லெந்துல எப்பவும் அப்படித்தான். நீ வாயக் கட்டிக்கினு அடுப்புல வேகுற. நான் மட்டும் எப்படித் துன்றது?"

"அப்ப வருஷா வருஷம் உப்பு சரின்னு சொன்னது?"

"நீ போட்ற உப்பு என்னிக்கித் தப்பாச்சி?"

அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அந்தக் கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், தண்ணீரில் நின்றபடியே ஓவென்று அழுதாள்.