இடது கண்ணுக்குக் கீழே

கடை திறப்பது ஒன்பதரைக்கு. ஒன்பது மணிக்கே ஊழியர் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் அவள் நின்றிருப்பாள். வலது கண்ணுக்குக் கீழே முதலில் ஆரஞ்சுச் சாயம் ஒரு பொட்டு. கருநீலத்தை அமுக்க அதுதான் சரி. அதற்கு மேல் தோல் நிறத்தில் கன்சீலர், கறுப்பை மறைக்கிற பூச்சு. தேய்க்கக் கூடாது. மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். ஐந்து விரலில் அதுதான் சோம்பேறி, அழுத்தாது. மேலே துளி பவுடர். முடிந்தது. இடது கண்ணை மட்டும் அவள் தொடவே மாட்டாள். அது ராத்திரி விட்டுப்போன கோலத்திலேயே கறுத்துக் கிடக்கும்.

இந்த அரை முகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் ஆறு வருடம் வியாபாரம் செய்தாள்.

மூன்று மாடிக் கடை அது. கீழ்த்தளத்தில் வரிசையாக அழகுப் பொருள் கவுன்டர்கள். அவற்றில் கண் கருவளையத்துக்கென்றே ஒன்று உண்டு, அது அவளுடையது. யாராவது வந்து நின்றால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், முகத்தைத் திருப்புவாள். முதலில் இடது பக்கம். அப்புறம் வலது பக்கம். பாதிப் பேருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது; கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? மீதிப் பாதி சந்தேகப் பிராணிகள். "இந்தக் கறுப்பு நிஜமா, இல்ல மையைத் தடவிட்டு வந்து உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பஞ்சைத் தண்ணீரில் நனைப்பாள், இடது கண்ணுக்குக் கீழே மூன்று தரம் அழுத்தித் துடைப்பாள், பஞ்சை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவாள். பஞ்சு வெள்ளைவெளேர் என்று இருக்கும். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறந்ததில்லை.

வந்தவர்களுக்கு அவள் ஒரு கண்ணுக்கு மட்டும்தான் பூசிவிட வேண்டும். கடையின் சட்டம் அது. இன்னொரு கண்ணுக்கும் வேண்டுமென்றால் டப்பாவை வாங்கிக்கொண்டு போகட்டும். ஒரு கண் பளிச்சென்றும் ஒரு கண் பேயறைந்தது போலவும் தெருவில் இறங்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? சட்டம் போட்டவன் லேசுப்பட்டவன் இல்லை.

மற்ற கவுன்டர் பெண்கள் அவளுக்கு அரைமுகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "அரைமுகம் அக்கா, சாப்பிட வர்றீங்களா?" என்று நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் வருகிறேன் என்பாள். அந்தப் பெண்களுக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு. கடை முழுக்க எல்லாருக்கும் நாளெல்லாம் நிற்கிற வேலை. அவள் கவுன்டரில் மட்டும் ஒரு ஸ்டூல் இருந்தது. வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பூச வேண்டுமே, அதற்காக. வீட்டில் இடுப்பொடிய வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஸ்டூல் சிம்மாசனம்.

வீட்டு வேலை என்றால் சமைப்பதும் துவைப்பதும் இல்லை. புருஷனைத் திருப்பிப் போடுகிற வேலை.

அவர் லிப்ட் மெக்கானிக். எட்டு வருடத்துக்கு முன்னால், எல்லாரையும் மேலே கீழே ஏற்றி இறக்கியவர், தானே இரண்டு மாடி விழுந்தார். இடுப்புக்குக் கீழே போய்விட்டது. படுத்தே கிடக்கிற உடம்பு புண்ணாகிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். பகலில் நாத்தனார் வந்து பார்த்துக்கொண்டாள். ராத்திரி இவள் பங்கு. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. அலாரம் அடிக்கும், எழுந்து தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து உருட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டுப் படுப்பாள். கண்ணை மூடினால் அடுத்த அலாரம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்ன மகராசன் ஒரே ஒரு வாரம் அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்க வேண்டும்.

கடையில் அவள் முதலில் ஹேர்பின் பகுதியில்தான் சேர்ந்தாள். ஒரு வருடத்துக்குள் அவள் கண்ணைப் பார்த்து யாருக்கோ யோசனை வந்து, இந்தக் கவுன்டருக்கு மாற்றினார்கள். அதைப் புருஷனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். படுத்தபடியே எப்படி விழுவது என்று கேட்காதீர்கள், அவர் அப்படித்தான்.

"ராத்திரி பூரா கஷ்டப்பட்டு நான் தீட்டறேன். காலையில நீ பாதிய அழிச்சிட்டுப் போய் வித்துட்டு வர்றே. நல்ல கூட்டு வியாபாரம்."

"பேசாம இருங்க. உங்க கைவரிசை கொஞ்சம் அதிகமாயிடுச்சு, இன்னைக்கு ஆரஞ்சு ரெண்டு பொட்டு ஆச்சு."

"இடது கண்ணுல கை வச்சிடாதே. அது என் பங்கு."

தினமும் இதே பேச்சுதான். தினமும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போன வருடம் ஒரு மத்தியானம், யாரோ ஒரு பெண்ணுக்கு ஒரு கண் பூசி முடித்த நேரத்தில், நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, வாங்க," என்றாள். இவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவர் காரியம், பதினைந்து நாள் லீவு எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தாள். அழுகை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளும்தான். வந்தது தூக்கம். வெட்கங்கெட்ட தூக்கம். பத்து மணிக்குத் தலையைச் சாய்த்தால் விடிந்து வெயில் மூஞ்சியில் அடிக்கும்போதுதான் விழிப்பு. அலாரத்தை நிறுத்தியது யார் என்று முதல் நாள் தேடினாள், அவளே நிறுத்தியிருந்தாள். ஏழு வருடக் கடனை உடம்பு வட்டியோடு வசூல் செய்துகொண்டது. மனசைக் கேட்டுக்கொண்டா உடம்பு நடக்கிறது?

இரண்டு மாதத்தில் கறுப்பு வெளுக்க ஆரம்பித்தது. மூக்கோரத்து நீலம் முதலில் போனது, அப்புறம் கன்னத்துப் பக்கம். ஒரு நாள் நாத்தனார் வந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"இப்பத்தான் அண்ணி உங்க முகம் தெளிஞ்சிருக்கு."

நாத்தனார் நல்லவள். குத்திக் காட்டுகிற ஜாதியில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தபோது, நன்றாக இருக்கிற அந்த முகத்தின்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் போனதும் மினுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயா என்று கேட்கலாம் போல இருந்தது.

கடைக்கும் அந்த முகம் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், விற்பனை விஷயத்தில் கண்கொத்திப் பாம்பு.

"அக்கா, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு. எதைக் காட்டி விக்கப் போறீங்க?"

"வாயால சொல்லி விக்கறேன்."

"சொல்லிப் பாத்தீங்களே, போகலையே. இந்த மாசமும் இப்படியே போனா மேல இருந்து ஆளை மாத்தச் சொல்லுவாங்க. மூணாவது மாடியில ஒரு பொண்ணு இருக்கு, கைக்குழந்தைக்காரி. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு."

மாற்றினால் சோப்புப் பகுதி. நாளெல்லாம் நிற்பது, அட்டைப்பெட்டி தூக்குவது. அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. வீட்டில் கட்டில் காலியாகிவிட்டது, முகத்தில் கறுப்பும் போய்விட்டது. இந்த ஸ்டூலும் போனால், அவரோடு நடத்திய அந்தக் கூட்டு வியாபாரத்தில் மிச்சமென்று என்ன இருக்கிறது?

மறுநாள் காலை கழிவறைக் கண்ணாடி முன்னால் வலது கண்ணை முடித்துவிட்டு, அவள் கண்ணிமைச் சாயப் பெட்டியைத் திறந்தாள். பழுப்பில் கொஞ்சம், சாம்பல் நீலத்தில் கொஞ்சம். சின்ன பிரஷ்ஷால் இடது கண்ணுக்குக் கீழே தீட்டினாள். மூக்கோரத்தில் அழுத்தம், நடுவில் ஒரு மடிப்பு, கன்னத்துப் பக்கம் போகப்போகக் கரைந்துவிட வேண்டும். யாரையும் பார்த்துப் போடவில்லை. தன் கருவளையம் அவளுக்கு மனப்பாடம். தீட்டி முடித்து நிமிர்ந்தபோது பழைய முகம் எதிரே நின்றது. அவர் செத்து மூன்று மாதத்துக்குப் பிறகு, முதல் தடவையாக அவள் அங்கேதான் அழுதாள். கண்ணீர் பட்டுச் சாயம் இழுகியது. துடைத்துவிட்டு மறுபடி தீட்டினாள்.

விற்பனை மறுபடி ஓடியது. சூப்பர்வைசர் இடது கண்ணைப் பார்த்தாள், என்ன ஏது என்று கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வியாபாரம் நடக்கிற இடத்தில் மறைக்கலாம், யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. பயமெல்லாம் அந்தப் பஞ்சுதான். பஞ்சு டப்பாவை அவள் அடி இழுப்பறையில் தள்ளி வைத்தாள். சந்தேகப் பிராணிகளிடம், "இன்னைக்குப் பஞ்சு தீந்துபோச்சு," என்று சமாளித்தாள். ஒரு மாதம் அப்படி ஓடியது.

அந்த வாரம் மேலதிகாரி யாரோ வருகிறார் என்று சூப்பர்வைசரே ஒவ்வொரு கவுன்டராக ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தாள். இழுப்பறையில் கிடந்த பஞ்சு டப்பாவை எடுத்துத் துடைத்து மேஜைமேல் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த கவுன்டரில் நின்றாள். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, தொப்பென்று விழுந்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் மை கொட்டினாற்போல இருந்தது.

"மறைக்கிறது வேண்டாம். குறைக்கிறது இருக்கா? சுத்தமா போயிடணும்."

அவள் பழக்கப்படி முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது பக்கம், வலது பக்கம்.

"எத்தனையோ கடையில பாத்துட்டேங்க," என்றாள் அந்தப் பெண் அலுப்பாக. "அந்தக் கறுப்பே மையா இருக்கும்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கை தானாகப் போனது. பஞ்சை எடுத்தது, தண்ணீரில் தோய்த்தது, இடது கண்ணுக்குக் கீழே மூன்று தரம் அழுத்தித் துடைத்தது, அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டியது. நீட்டிய பிறகுதான் அவளே பஞ்சைப் பார்த்தாள்.

கறுப்பாக இருந்தது.

அடுத்த கவுன்டரில் சூப்பர்வைசர் துடைப்பதை நிறுத்தினாள். அந்தப் பெண் பஞ்சைப் பார்த்தாள், பிறகு இவள் கண்ணுக்குக் கீழே தெளிந்து கிடந்த தோலைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

"உங்களுக்கு இல்லவே இல்லையே," என்றாள் அந்தப் பெண்.

"இருந்தது. ஏழு வருஷம் இருந்தது. உங்களைவிட மோசமா."

"அப்ப எப்படிப் போச்சு? எந்த கிரீம்?"

பொய் சொல்ல நல்ல இடம். கிரீம் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சூப்பர்வைசரும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"கிரீம் இல்லைங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ராத்திரி எழுந்து எழுந்து திருப்பிப் போடணும். அவர் போயிட்டார். தூக்கம் வந்துடுச்சு. ரெண்டு மாசத்துல இது போயிடுச்சு."

அந்தப் பெண் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரு பொண்ணு. ஒன்பது வயசு. தூக்கத்துல மூச்சு அடைச்சுக்கும். ராத்திரி பக்கத்துலயே முழிச்சு உக்காந்திருக்கணும். காலையில எழுந்து என் கண்ணைத் தொட்டுப் பாத்து, 'என்னாலதானேம்மா'ன்னு கேக்கறா. அதான் போக்கிடலாம்னு வந்தேன்."

சொன்ன உண்மையைத் திரும்ப விழுங்கிவிடலாமா என்று இவளுக்கு இருந்தது.

"அப்படிப் போறதுன்னா குறைய வேண்டாங்க," என்றாள் அந்தப் பெண். "எனக்கு இது போகவே வேண்டாம். மறைக்கிறதே குடுங்க."

அவள் ஆரஞ்சுச் சாயத்தை எடுத்தாள். மோதிர விரலால் தட்டித் தட்டிப் பூசினாள். வலது கண் முடிந்தது. நிறுத்தவில்லை. இடது கண்ணுக்கும் பூசினாள். வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்வது, பொண்ணு எழுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டாள், டப்பாவை வாங்கிக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் வந்து நின்றாள். மேஜைமேல் கிடந்த கறுப்புப் பஞ்சை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"ரெண்டு கண்ணும் பூசிட்டீங்க."

"ஆமா."

"நாளையில இருந்து சோப்புப் பக்கம் போங்கக்கா. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிம்மா. அந்தக் கைக்குழந்தைக்காரியை நல்லாப் பாத்துக்கோ."

சோப்புப் பகுதியில் ஸ்டூல் கிடையாது. கால் கடுக்கிறது. அரைமுகம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, முழு முகத்தோடுதான் வருகிறாள், எதுவும் பூசாமல். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் சோப்பு வாங்க வந்தாள். அவசரமாக வந்திருப்பாள் போல, கண்ணுக்கு எதுவும் போட்டிருக்கவில்லை. இவள் அட்டைப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கிட்டே போனாள். நலமா, பொண்ணு எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்க வாய் வரவில்லை. முதலில் கண்ணுக்குக் கீழே பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை இடது பக்கம் திருப்பிக் காட்டினாள், அப்புறம் வலது பக்கம்.

"இருக்குக்கா," என்றாள். "ரெண்டு பக்கமும் இருக்கு."

"நல்லதும்மா," என்றாள் இவள். "என்ன சோப்பு வேணும்?"