மலை இல்லாத ஊர்க்காரி

காலை ஏழரைக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் செல்வி குடியிருக்கும் த்ரீ கிங்ஸிலிருந்து அவள் காரில் கிளம்பினோம். மங்கரே பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அங்கே ஒரு பள்ளியில் செல்வி இன்று ஆசிரியையாகச் சேர்கிறாள். சென்னையில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துக்காரி. ஆக்லாந்தைச் சுற்றிப் பார்க்க வந்த நான், சும்மா ஒட்டிக்கொண்டேன்.

வழியெல்லாம் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். ‘மௌங்க’ என்று தொடங்கினால் மலை, ‘வாய்’ என்று தொடங்கினால் தண்ணீர். மாவோரி மொழியில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செல்விக்கு அந்த மலைதான் தலைவலி. புதிதாக வருபவர் தன் பெயருக்கு முன்னால் தன் மலையையும் ஆற்றையும் சொல்வது இங்குள்ள மரபு.

“எங்கட ஊரில மலை ஏது? ஆறும் இல்லை,” என்றாள்.

“வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற மலையைச் சொல்லிடேன்.”

“அது அவையளின்ர மலை. என்ர எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? இண்டைக்குப் பிழைச்சால் கடைசிவரைக்கும் இங்க நான் வந்தான் வரத்தான்தான், வெளி ஆள்தான்.”

டெய்ரியில், அதாவது இங்கத்திய பெட்டிக்கடையில், ஆறு டாலருக்கு வாங்கிய, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டத்தை அவள் தொடவில்லை. நான் தின்றேன்.

ஒன்பது மணிக்கு வரவேற்பு. முதலில் எழுந்தவள் ஹவாயிலிருந்து வந்த கலேயா. அவளும் புது ஆசிரியை. தன் மலையை ‘மௌனா’ என்றாள், தண்ணீரை ‘வாய்’ என்றாள். நடுவே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் கடல். ஆனாலும் யாரும் மொழிபெயர்க்காமலே மண்டபம் தலையசைத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பேசி முடித்ததும் அவள் தோழிகள் எழுந்து பாடினார்கள்.

பிறகு செல்வி. மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறி மாவோரியிலேயே சொன்னாள் (பொருளைப் பிறகுதான் எனக்குச் சொன்னாள்): எனக்கு மலை இல்லை, ஆறு இல்லை, ‘மோவானா’ இருக்கிறது. மோவானா என்றால் கடல். ஹவாயிலும் அதே சொல்தான். கலேயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

செல்வி நிறுத்தினாள். மண்டபம் காத்திருந்தது. பேசியவருக்குத் துணையாக அவருடைய ஆட்கள் பாட வேண்டும். மலையை நினைத்து மருகியதில் பாட்டை மறந்தேபோனாள். அவளுக்கு அங்கே ஆள் என்று இருந்தது நான் ஒருத்திதான். சின்ன வயதில் பள்ளியிலேயே என்னைப் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எழுந்தேன். வாயில் வந்தது படகுக்காரர்களின் ஏலேலோ. செல்வி ‘ஐலசா’ போட்டாள். இரண்டாவது ஐலசாவுக்குக் கலேயா எழுந்துவிட்டாள், நாலாவதற்கு மண்டபமே எழுந்துவிட்டது. என் சுதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

வரிசையாக வந்து, மாவோரி வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்றார்கள். “உங்கட கடலைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ எண்டு கேக்கினம்,” என்று செல்வி என்னிடம் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்திலும் புதியவரிடம் எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்போம். பதிலைக் கேட்டதும் அவரை எங்கே உட்கார வைப்பது என்று மனதுக்குள் தீர்மானித்துவிடுவோம். இங்கே, மலையே இல்லை என்றவளுக்குத் தேநீர் மேசையில் முதல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.