இடிக்கு அணைத்த பெட்டி

பெர்னார்ட்டுக்குப் பொறுமை கிடையாது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்தே ஓய்வு பெற்றவர். கெட்டதைக் கழற்று, புதியதை மாட்டு, அடுத்த வேலையைப் பார். பெர்மாஸ் ஜெயா வீட்டில் டிவிக்குக் கீழே இருந்த சேமிப்புப் பெட்டி அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை.

பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் இருப்பதேதான் மற்றதிலும்: மனைவி டொரத்தி தேவாலயத்தில் பாடிய பாட்டுகள். பக்கவாதம் அவள் பேச்சைப் பறித்தபின், தினமும் காலையில் தன் பழைய குரலோடு சேர்ந்துதான் வாயசைத்துப் பயிற்சி செய்கிறாள். வேறு யார் பாடினாலும் வாயைத் திறப்பதில்லை.

டிஸ்க் நிரம்பிவிட்டது, பழசும் ஆகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஷான் போனில் வழி சொன்னான். முதலில் பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு பிரதி. பிறகு ஒன்றை மட்டும் கழற்றிப் பெரியதை மாட்டி, மற்றதிலிருந்து பாட்டெல்லாம் அதில் ஏறி முடிந்த பின்பே மற்றதைத் தொட வேண்டும். கழற்றியதை அழிக்கக் கூடாது.

"ரெண்டு இருக்கே லா, அதுவே காப்பிதானே" என்று பெர்னார்ட் முதல் வேலையை விட்டுவிட்டார். கழற்றியதை மட்டும், மகன் நச்சரிப்பான் என்பதற்காக, துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார்.

புதிய டிஸ்கில் பாட்டுகள் ஆமை வேகத்தில் ஏறின. மதியம் வானம் கறுத்தது. அவர் கொடியில் துணி எடுக்கப் போனபோது இடி இடித்தது. டொரத்தி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல கையால் சுவிச்சுகளை எல்லாம் அணைத்தாள். இடி இடித்தால் அணைக்க வேண்டும் என்பது அவ்வீட்டுச் சட்டம். போட்டவர் பெர்னார்ட்.

மழை விட்டதும் பெர்னார்ட் பெட்டியின் சுவிச்சைப் போட்டார். உள்ளே மிச்சமிருந்த பழைய டிஸ்க் டக் டக் என்றது, எழும்பவில்லை.

"ஏன் தொட்ட?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அவர் ஷானுக்குப் போன் போட்டார்.

"டேடி, கழட்டினத அழிச்சிட்டீங்களா?"

"துண்டுல இருக்கு."

"தப்பிச்சீங்க. இப்பவாவது முதல்ல காப்பி எடுங்க. கரண்ட் போனாலும் ஓடுறதுக்கு ஒரு பேட்டரி பெட்டியும் வாங்குங்க."

துண்டை அவிழ்த்து, கழற்றி வைத்த டிஸ்கை மாட்டினார். டொரத்தியின் பாட்டு வந்தது. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததை அப்போதுதான் விட்டாள். பெர்னார்ட்டுக்கு எரிச்சல் அடங்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுநாள் பிரதி ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி இடி. டொரத்தி சுவர்ச் சுவிச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். புதிதாக வாங்கிய பேட்டரியில் பெட்டி ஓடியது. பழக்கதோஷத்தில் பெர்னார்ட்டின் கை பெட்டியை அணைக்கும் பொத்தானுக்கே போனது.

டொரத்தி கைத்தடியால் அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது.