மருத்துவிச்சிக்கும் மாதம் தப்பும்

மருத்துவிச்சி வேலையில் ஊர்ப் பெண்கள் எல்லாருடைய மாதக் கணக்கும் எங்களுக்குத் தெரியும். எங்களுடைய கணக்கைக் கேட்கத்தான் ஆளிராது.

எண்பத்துநாலாம் ஆண்டில் எனக்கு வயது நாற்பத்தாறு. புங்குடுதீவில் வேலை; ஊருக்கு நான் ‘மிஸி’. சைக்கிள், தோல் பை, பிள்ளையின் இதயத் துடிப்புக் கேட்கிற உலோகக் குழல், இவைதான் என் ஆஸ்தி. கலியாணம் கட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நாற்பதைத் தாண்டி, மார்கழிக் குளிரிலும் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருக்கிற சகோதரிகளே, நீங்கள் தனியாக வேர்க்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் ஒரு விசிறி

இறுப்பிட்டியில் ஒரு வீடு. தலைப்பிள்ளை பிறந்து ஒரு கிழமை. வெளியே மழை கொட்டுகிறது, முற்றம் வெள்ளக்காடு. நான் பிள்ளையின் தொப்புளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல ஒரு சூடு. அது கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, நெற்றியால் வழிந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு விசிறிக்கொண்டிருந்த மாமியார் விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இரண்டு நிமிடத்தில் சூடு இறங்கி, உடம்பு குளிரத் தொடங்கியது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் முதலில் தாயின் முகத்தைப் பார்க்கப் பழகியவள் நான். அன்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாமியார் விசிறுவதை நிறுத்தாமல் கேட்டார்:

“மிஸி, பிள்ளையைப் பெத்தது இவளோ, நீங்களோ?”

பெயரில்லாத பருவம்

நான் கொஞ்சம் புத்தகப் பைத்தியம். எதற்கும் ஏட்டில் இடம் தேடுவேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பிள்ளைப்பேற்றுக்கு முக்கால்வாசி இடம். மாதம் நின்றுபோவதற்குக் கடைசியில் ஒரு பந்தி, அதுவும் படம் இல்லாமல். சரி, தமிழைத் தேடுவோம் என்றால், பேதை, பெதும்பை, மங்கை என்று பெண்ணின் பருவங்களுக்கு ஏழு பெயர் வைத்த பெரியவர்கள், பேரிளம்பெண் என்று சொல்லி நாற்பதோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பெயரில்லாமல் வேர்க்கிறோம்.

ஆகவே மாதமொருமுறை கிளினிக்குக்கு வருகிற டொக்டர் ஐயாவிடம் கேட்டேன். ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், பொறுமைசாலி. நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கால் மூட்டு நோகிறது, தெரிந்த பெயர்கள் நாக்கில் வந்து நின்று திரும்பிப் போகின்றன, மாதம் ஒருமுறை முந்துகிறது, ஒருமுறை இரண்டு மாதம் தள்ளுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். “இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போனால் உடனை வாரும். ஒரு வருசம் முழுக்க வராமல் இருந்தால்தான் நிண்டது எண்டு கணக்கு. அப்பிடி நிண்ட பிறகு திரும்ப இரத்தம் பட்டால் ஒரு நாளும் சும்மா இருக்கக்கூடாது” என்றார். இந்த மூன்றையும் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சத்துக் குளிசை கொஞ்சம் தந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸி, இது வருத்தமில்லை, வயது. வயதுக்கு அரசாங்கம் மருந்து அனுப்பிறேல்லை.”

இறங்குதுறை வரை பக்தி

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நான் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தேன். குறிகட்டுவான் துறையில் மோட்டர் வள்ளம் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். ஆனால் மாதத் துடக்கோடு கோயிலுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மாதம் ஒழுங்காக வந்த காலத்தில் நாளைப் பார்த்து வைத்துப் போய்வரலாம். இப்போதோ எந்த நாளில் வரும் என்று கணக்குப் பார்க்கவே ஏலாமல் போய்விட்டது. தோய்ந்து, வெள்ளைச் சேலை உடுத்து, தேங்காய் பூவோடு துறையில் வந்து நிற்பேன். வள்ளம் வரும். அடிவயிறு சுருக்கென்று இழுக்கும். தேங்காயோடு வீட்டுக்குத் திரும்புவேன்.

இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் திரும்பும்போது, வள்ளக்காரத் தம்பி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, உண்மையான கவலையோடு கேட்டான்:

“மிஸி, உங்களுக்கும் அம்மனுக்கும் என்ன கோவம்? வாசற்படலை வரைக்கும் வந்து வந்து திரும்பிறியள்.”

தராசு

கோபத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. சொன்னாலும் கோபம் வரும். கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கிற நாள். ஒரு தாய் பிள்ளையின் காப்பைக் கழற்றாமல் தராசில் வைத்துவிட்டாள். அதற்காக நான் அவளைப் பேசிய பேச்சு, காப்புக்கு அல்ல, கொலைக்குப் போதும். அவள் அழவில்லை. நான்தான் திரும்பி, சுவரைப் பார்த்து அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிற பூமணி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், இந்தக் கரையைக் கடந்தவள். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வரிசையில் நின்ற தாய்மாருக்கு என் சார்பில் அறிவித்தாள்:

“பிள்ளையள் அழுதால் தூக்கி நிறுக்கலாம். மிஸி அழுதால் எங்களிட்டைத் தராசு இல்லை, கொஞ்சம் பொறுங்கோ.”

அம்மன் தந்தது

தை மாதத்தில் பாக்கியம் என்னிடம் வந்தாள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் புருஷன் சதாசிவத்தார் தெற்கில் ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தார். எங்கள் தீவில் பாதி ஆண்கள் அப்படித்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தமிழர் கடைகளை எரித்த நாளில் அவர் சரக்கு எடுக்க வேறு ஊருக்குப் போயிருந்தார். கடையில் நின்றது அவர்களுடைய ஒரே மகன் பாலன், வயது பத்தொன்பது. சதாசிவத்தார் அகதிகளோடு கப்பலில் தனியே வந்து இறங்கினார். உடல் கிடைக்காத பிள்ளைக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்தார்கள். அன்றிலிருந்து அந்த மனுஷன் யாரோடும் பேசுவதில்லை.

பாக்கியம் அம்மனிடம் போய் இன்னொரு பிள்ளை கேட்டிருந்தாள். பாலனே திரும்ப வரவேண்டும் என்று கேட்டிருந்தாள். நாகபூசணி அம்மன் பிள்ளை வரம் தருகிறவள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்போது மாதம் நின்று மூன்று மாதம். மார்பு நோகிறது, நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை, உடம்பு கொதிக்கிறது, வயிறு உப்புகிறது. முகம் பூரித்துச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்ன ஒவ்வொரு குறிக்கும் என் உடம்பு உள்ளுக்குள் ‘ஓம், ஓம்’ என்றது. ஆனாலும் நாற்பத்தாறில் பிள்ளை பெற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். வாயால் தீர்ப்புச் சொல்லாமல், யாழ்ப்பாணம் போய்ச் சலத்தைப் பரிசோதிக்கச் சொன்னேன். பாக்கியம் என்னை ஒரு நாஸ்திகியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அம்மன் தந்ததைப் போத்திலுக்குள்ளை ஊத்திச் சோதினை வைக்கச் சொல்லுறீரோ?”

ஏணைக் கொளுக்கி

மாசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சதாசிவத்தார் கதிரையில் ஏறி நின்று கூரையின் நடு வளையில் இரும்புக் கொளுக்கி ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார், பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டுவதற்கு. பாலனுக்கு ஏணை கட்டிய பழைய சேலையைப் பாக்கியம் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். “இப்ப என்ன அவசரம்?” என்று கேட்டேன். மேலே சொல்லக் கூச்சமாக இருந்தது. பாக்கியம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

சதாசிவத்தார் கொளுக்கியைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டுப் பார்த்தார். அது தாங்கியது. இறங்கி, கையைத் துடைத்து, ஒன்றரை வருடமாகப் பேசாத மனுஷன் என்னிடம் பேசினார்:

“நான் அவனை விட்டிட்டு வந்தனான், மிஸி. பாருங்கோ, அவன் என்னைத் தேடி வாறான்.”

குழல்

அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்ளாததற்கு என் வயதை மட்டும் குறை சொல்ல ஏலாது. பங்குனிக் கடைசியில் பாக்கியம் தானாகவே வந்து கட்டிலில் படுத்தாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது, பிள்ளை துடிக்கிற சத்தம் கேட்கவேண்டும் என்றாள். வயிற்றைத் தொட்டேன். ஐந்தாம் மாதத்தில் கருப்பை தொப்புளடிக்கு வந்து கைக்குத் தட்டுப்படவேண்டும். மெத்தென்று வயிறுதான் இருந்தது. குழலை வைத்தேன், காதை வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். கேட்டது அவளுடைய சொந்த நாடி. பிள்ளையின் துடிப்பு அதைவிட வேகமாக ஓடும். எனக்கு அது நித்திரையிலும் தெரியும்.

“கேக்குதோ?” என்றாள். நான் நிமிர்ந்தேன். அதே நேரம் பார்த்து என் நெஞ்சில் அடுப்பு மூண்டது. அவளுக்கும் மூண்டிருக்கவேண்டும், நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. இரண்டு பேரும் ஒன்றாகச் சேலைத் தலைப்பை எடுத்தோம். புத்தகத்தில் படித்த எந்த வசனமும் எனக்கு அப்போது உதவவில்லை.

“பாக்கியம், எனக்கும் மூன்று மாதமாய் வரேல்லை” என்றேன். “எனக்கும் மார்பு நோகுது. எனக்கும் நித்திரை இல்லை. எனக்கும் வயிறு ஊதியிருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். கலியாணம் கட்டாத என்னைப் பார்த்தாள். சுவரில் பல்லி சத்தமிட்டது. அவள் மெல்ல எழும்பி, சேலையை ஒழுங்காகச் சுற்றி, செருகினாள்.

“உமக்கும் எனக்கும் ஒண்டுதானெண்டால், எனக்குள்ளை அவன் இல்லை. இதைத்தானே சொல்ல வாறீர்?”

உறி

டொக்டர் ஐயாவும் பரிசோதித்து அதையே சொன்னார். பாக்கியம் எழும்பி வீட்டுக்கு நடந்தாள். இரண்டாவது முறை மகனை இழந்தவளுக்கு ஊரில் யாரும் செத்தவீட்டுக்கு வருவதில்லை. என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பின்னேரங்களில் அவள் வீட்டுக்குப் போய், இரண்டு பேருமாகக் கடற்கரை வரை நடந்தோம். மெல்லிய பருத்திச் சட்டை போட்டோம். கூடைக்குள் ஈரத் துவாய் கொண்டுபோனோம். இரவில் தேத்தண்ணியை விட்டோம். முருங்கை இலை சுண்டினோம். சூடு வந்தால் ஒருத்திக்கு மற்றவள் விசிறினோம். இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்தால் சண்டை பிடித்தோம், விசிறி ஒன்றுதான். நடந்தால் கொஞ்சம் நித்திரை வந்தது. அழுகை நிற்கவில்லை, ஆனால் நடந்துகொண்டே அழப் பழகினாள்.

சதாசிவத்தார் திரும்ப வாயை மூடிவிடுவார் என்று பயந்தேன். ஒரு நாள் போனபோது கொளுக்கியில் உறி தொங்கியது, உறிக்குள் தயிர்ச்சட்டி. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“சும்மா கிடந்தால் பாக்க ஏலாமல் கிடக்கு. ஏதாவது தூக்கிக்கொண்டிருக்கட்டும், மிஸி.”

நாலாம் தரம்

அடுத்த வருடம், போரினால் கடலில் போக்குவரத்து ஒரு நாள் நடந்தால் மறுநாள் நின்ற காலம். வள்ளம் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட ஒரு காலையில் பாக்கியம் தேங்காய்த் தட்டோடு என் வாசலில் நின்றாள். அவளுக்கு மாதம் நின்று ஒரு வருடம் கடந்திருந்தது. எனக்கும்தான். நாள் பார்க்கவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளை கிடைக்கவில்லை, ஆகவே அவள் அம்மனுக்குச் செலுத்த ஒரு நேர்த்தியும் இல்லை. “பிறகு என்னத்துக்குப் போறீர்?” என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். எனக்கு அபூர்வமாக வருகிற புத்தி.

குறிகட்டுவானில் அதே வள்ளக்காரத் தம்பி. எனக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, “இண்டைக்குத் திரும்பேல்லையோ, மிஸி?” என்று சிரித்தான். நான் உட்காருவதற்குள் பாக்கியம் ஏறி, பலகையில் நன்றாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீருக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. அவள் கண் கலங்கியிருந்தது; குரல் கலங்கவில்லை.

“இனி எங்களைத் திருப்பி அனுப்ப அவளுக்கு வழியில்லை, தம்பி. மாதத்திலை எந்த நாளும் போவன். போய் நிண்டு, என்ரை பிள்ளை எங்கையெண்டு கேப்பன்.”

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான், சகோதரிகளே: பெண்ணுக்கு வருகிறதைக் கொண்டாட ஊரே பந்தல் போடும், நின்றுபோகிறதைத் தாங்குவதற்கோ ஒரு விசிறியும் பக்கத்தில் வேர்த்துக்கொண்டிருக்கிற இன்னொருத்தியும் கிடைத்தால் அதுவே பெரிய பாக்கியம்.