நைனா வருவதற்குள் ஒரு நாட்டைப் பங்கு போட்ட கதை

மாடி வீட்டு மரைக்கே அம்மாளிடம், "காப்பி குடிக்க வாங்களேன்" என்றேன். அவர் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, மூன்று வாரம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை என்று எழுதிக்கொண்டார். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து நானும் மனைவி ரேவதியும் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது சிரிப்பதில்லை. எங்கள் பழவேற்காடு ஏரியிலும் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் பட்டியலில் ஒரு பேர் உண்டு. "ஊரிலிருந்து வரும் என் அப்பா ஒரு வாரம்தான் இருப்பார், அவருக்குப் பாடு இருக்கிறது" என்று மரைக்கே அம்மாளிடம் சொன்னேன். அவர் மொழியில் 'பட்' என்றால் தேரையாம். "தேரைக்காகவா திரும்புகிறார்? நல்ல மனிதர்! நாங்களும் வசந்த காலத்தில் தேரைகள் சாலையைக் கடக்க உதவுவோம்" என்று நெகிழ்ந்துவிட்டார். நான் திருத்தவில்லை.

ஏழே நாள். ஆனால் நாடும் கைக்குட்டை அளவுதானே! இந்த முனையில் காலை ரயில் ஏறினால் அந்த முனையில் மதியச் சாப்பாடு. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஹோர்ன், என்கௌசன், டெல்ஃப்ட் என்று நான் வட்டம் போட்ட துறைமுகங்கள் எல்லாம் டச்சுக்காரர் வணிகக் காலத்தில் எங்கள் ஊருக்குக் கப்பல் அனுப்பியவை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் ஊர் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டின் தோளில் பையை மாட்டிவிட்டு, இடிந்த கோட்டை மேட்டில் கோலி ஆடியவன் நான். நம் ஊர்த் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிப்போனவர்கள் வீட்டுக் கதவை நாமும் ஒருமுறை தட்ட வேண்டாமா?

துறைமுகத்துக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை தர முடிவாகிவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஊரைவிட்டே போனவனுக்குப் பாடு கிடையாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பத்து வருடமாக நைனா, "வந்துடுவான்" என்று சொல்லிச் சொல்லியே என் பேரைக் காப்பாற்றி, என் முறைக்கு அவரே வலை போட்டு வருகிறார். குடியுரிமை விஷயத்தை நேரில்தான் சொல்ல வேண்டும், ஏதாவது ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பயணத் திட்டத்தில் சண்டை வந்தது. ரேவதிக்குப் பூந்தோட்டம், மகள் இனியாவுக்குப் பாலாடைக்கட்டிச் சந்தை, எனக்குக் கோட்டையும் துறைமுகமும். வீடியோ அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்த நைனா ஒரே பேச்சில் தீர்த்தார்: "இன்னாத்துக்குடா கூச்சல்? ஆளுக்கு ஒரு பாடு வெச்சி சீட்டு குலுக்கு."

அவருக்கும் ஒரு சீட்டு எழுதினோம். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். கடலின் வாயை அடைத்து ஏரியாக்கிய அணை ஒன்று இருப்பதைச் சொன்னதும் மனிதர் துள்ளிவிட்டார்.

"முகத்துவாரத்தயே மூடிட்டானுங்களா! நம்மூர்ல மண்ணு அடச்சிக்கினா ஊரே போயி வெட்டி உடுறோம், இவனுங்க வேணும்னே மூடிட்டானா? அப்ப எறா எப்புடிடா உள்ள வரும்? அத நான் பாத்தே ஆவணும்."

"உனக்கு ரெண்டு நாள் தரேன், நைனா."

"வேணாண்டா. நான் விருந்தாளி. ஊர்க்காரனுக்குத்தான் பாடு. நீ உன் சீட்ட எடு."

கை நீளவில்லை. இனியா என்னையே பார்த்தாள். திட்டமிட்ட துறைமுகம் எல்லாம் மறந்துபோய், குடியுரிமை வாங்குவதை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். நைனா விரல்விட்டு நாள் எண்ணினார்.

"உன் பாடு வர வெள்ளிக்கெழம," என்றார். "அத முடிச்சிக்கினு வரேன். டிக்கெட்ட நாலு நாள் தள்ளிப் போடு. ஊர்ல நானே சொல்லிடுறேன். அந்த அணைக்கி மட்டும் ரெண்டு நாள் வெய்யி, தெரிதா?"

டிக்கெட்டை மாற்றினேன். பூந்தோட்டம் ஒரு நாள் தள்ளியது, பாலாடைக்கட்டிச் சந்தை தப்பிப் பிழைத்தது, அணைக்கு இரண்டு நாள். இனியா பட்டியலை நான்கு நிறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். வீடே திருவிழாவுக்கு முந்தின நாள் போல இருக்கிறது.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. குடியுரிமைக் கையெழுத்துக்காக நகராட்சி அலுவலகத்தில், வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நைனா கூப்பிட்டார்.

"வல எறக்கியாச்சிடா. கரையில பேரு படிச்சப்போ உன் பேரு வந்துச்சி. 'அவன்தான் வெளிநாட்டான் ஆயிட்டானே'னு ஒருத்தன் கேட்டான். 'சாயங்காலம் வரிக்கும் இருக்கான்'னு சொல்லிட்டேன்."

எதிரே திரையில் என் எண் ஒளிர்ந்தது. நைனா சொன்ன சாயங்காலம் பழவேற்காட்டில் இன்னும் ஆகவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.